தெற்கே பார்த்த கூம்பு

தோழர்,

இன்று காலை பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கூம்பு ஒலிபெருக்கி ஒன்று கையில் தட்டுப்பட்டது. துரு வாசமும் எலிப் புழுக்கை வாசமும் சேர்ந்து வந்தன. விளிம்பில் நசுங்கியிருந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் பேசும் கூட்டங்களில் தெற்கே பார்த்துக் கட்டுவேனே, அந்தக் கூம்பு. இப்போது கூம்பு கட்டினால் போலீஸ் பிடுங்கிக்கொண்டு போய்விடும், எல்லாம் பெட்டி ஸ்பீக்கர்தான். வாசலில் நின்ற பழைய இரும்புக்காரரிடம் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். இதை மட்டும் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் உங்கள் கட்சிக்காரன் இல்லை. பள்ளிபாளையத்தில் மைக்செட் கடை வைத்திருப்பவன் எந்தக் கட்சிக்காரனாகவும் இருக்க முடியாது. காலையில் ஒரு கொடி, மாலையில் ஒரு கொடி. "உங்க மைக்குத்தானுங்க இந்த ஊர்லயே நெசமான பொதுவுடைமை" என்று கேலி செய்வீர்கள். ஆனால் உங்கள் அரசியல் வாழ்க்கை முழுவதையும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவன் நான். விசைத்தறித் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கட்டினீர்கள். நகராட்சி உறுப்பினரானீர்கள். ஒரே ஒரு தடவை சட்டமன்றத்துக்குப் போனீர்கள், பிறகு வரிசையாகத் தோற்றீர்கள். ஜெயித்தபோதும் தோற்றபோதும் நன்றி சொல்ல அதே சந்தை முக்குக்குத்தான் வந்தீர்கள். தோற்ற மனிதர் எதற்காக நன்றிக் கூட்டம் போடுகிறார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்கே தெரியும். அந்தக் கூம்பு விஷயம் அப்படித்தான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. சந்தை முக்கில் கூட்டம் நிற்பது கிழக்கிலும் மேற்கிலும். தெற்கே ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி உங்கள் அண்ணனின் வீடும் தறிக்கூடமும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கூம்பை அந்தப் பக்கம் திருப்பச் சொல்வீர்கள்.

"அங்க யாருங்க இருக்காங்க கேக்கறதுக்கு? தென்ன மரந்தான் நிக்குது" என்று கேட்டேன்.

"தென்னைக்கும் நாலு நல்ல வார்த்த போய்ச் சேரட்டுமுங்க" என்றீர்கள்.

அண்ணனை வெறுப்பேற்றத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. நீங்கள் நடத்திய முதல் வேலைநிறுத்தமே அவருடைய தறிக்கூடத்தில்தானே. சொந்த அண்ணன் வாசலில் செங்கொடியை நட்டீர்கள். "இனி இந்த ஊட்டுப் படி ஏறாத" என்றார் அவர். நீங்கள் ஏறவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அங்கே கூலி உயர்ந்தது, உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

உங்கள் பேச்சிலும் சில இடங்கள் எனக்கு ஒட்டவே ஒட்டாது. சாயக்கழிவு காவிரியில் கலப்பதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டே வருவீர்கள். திடீரென்று, "சர்க்கரை இருக்கறவங்க ஊட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டு நடங்க, கால்ல புண்ணு வந்தா ஆறாது" என்பீர்கள். அரசு மருத்துவமனைக்கு டாக்டர் கேட்டு நடந்த கூட்டத்தில், "எம்பொண்ணுக்கு அங்கதான் பிரசவமாச்சு. பொம்பளப் புள்ள. அப்படியே எங்கம்மா சாடை" என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. குழந்தை யார் சாடையில் இருந்தால் மருத்துவமனைக்கு என்ன வந்தது என்று நான் யோசித்துக்கொண்டே வயரைச் சுருட்டினேன்.

இன்னொன்று, மைக்கைப் பிடித்ததும் பேச மாட்டீர்கள். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பீர்கள். மைக் வேலை செய்யவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வரும். வயரை ஆட்டிப் பார்ப்பேன். கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, பிறகுதான் "தோழர்களே" என்பீர்கள்.

போன மாதம் உங்களுக்கு இரங்கல் கூட்டம், அதே சந்தை முக்கில். எல்லாக் கட்சிக்காரர்களும் பேசினார்கள். உங்களைத் திட்டியே பெரிய ஆளானவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் நான் ஒரு பெட்டியைத் தெற்கே திருப்பி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் உங்கள் அண்ணன் கூடத்தில் தறி தடதடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. சாவுக்கும் வராத மனிதர், இதற்காவது நிறுத்தக் கூடாதா என்று எனக்குக் கோபமாக வந்தது. கடைசியாக உங்கள் குரலையே போட்டேன். புது ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க எப்போதோ கேசட்டில் பிடித்து வைத்திருந்த பேச்சு அது. முன்னால் வந்த இரைச்சலைத் தாண்டி ஓட்டிவிட்டு, "தோழர்களே" என்பதிலிருந்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெற்கே தறிச் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் உங்கள் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் படியில் தயங்கி நின்றார்.

"நான் செருப்பக் கழட்டறதில்லீங்க. தம்பி சொல்லியிருக்கான்."

செருப்போடே வரச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"நேத்து தறிய எதுக்குங்க நிறுத்துனீங்க?"

"அவன் கொரல் லேசா வந்தாலே எப்பவும் நிறுத்தறதுதானுங்க. தறி ஓடுனா எப்பிடி வார்த்த புரியும்?"

நீங்கள் பேசும்போது அந்தக் கூடம் நின்றிருப்பதை நானும் கவனித்திருக்கிறேன். ஆட்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டார். "நான் கேட்டுக்கிட்டு இருந்தது அவனுக்குத் தெரியுங்களா? ஒரு வார்த்த அவங்கிட்டச் சொன்னதில்லீங்க. தெரியாமயே போயிட்டானோன்னு மனசு அடிச்சுக்குது."

தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கே தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் நீங்கள் தலையைச் சாய்த்து நிற்பது ஞாபகம் வந்தது. எழுந்துபோய் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து, எதையும் தாண்டாமல் முதலிலிருந்து போட்டேன்.

இரைச்சல் என்று நான் தாண்டியது தறிச் சத்தம். தடக் தடக் என்று ஓடுகிறது. கூட்டம் சலசலக்கிறது. நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள், பேசவில்லை. "ஆரம்பிங்க தோழர்" என்று யாரோ கத்துகிறார், அப்போதும் பேசவில்லை. தறி ஓடிக்கொண்டேயிருக்கிறது. பிறகு நிற்கிறது. நின்ற பிறகுதான், "தோழர்களே."

பட்டனை அமுக்கி நிறுத்தினேன். உங்கள் அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "மறுக்கா போடுங்க சாமி" என்றார். போட்டேன். "தோழர்களே" என்றதும் போதும் என்று கையைக் காட்டினார். மறுபடியும் போடச் சொன்னார்.

கேசட்டை அவருக்கே கொடுத்துவிட்டேன். கூம்பு என்னிடம் இருக்கும். நேற்று மாலை வேறொரு கட்சியின் கூட்டம், அதே முக்கில். ஒரு பெட்டியைத் தெற்கே திருப்பி வைத்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கெல்லாம் அது நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேச வந்தவரிடம் மைக்கைக் கொடுப்பதற்கு முன்னால், தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.