நாலு நாள் ஆறிய வில்லைகள்

7-11-83, திங்கள்
காலை முதல் தூறல். மலை தெரியவில்லை. நான் உதவியாளாக இருக்கும் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் கல்வத்தில் தூள் அரைத்தேன். விரல் வலி. பேனா பிடித்தால் மட்டும் வலிப்பதில்லை. அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு வேடிக்கை. எழுதப் படிக்கத் தெரிந்து ஐந்து மாதம்.

புதுச் சொற்கள், தூளில் உள்ள உலோகங்களின் பெயர்கள்: ஸ்காண்டியம். டான்டலம். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அழகு.

வசந்தா அம்மா (இனி வ. அம்மா) முகம் வாட்டம். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர். ஒரே தூள், ஒரே எடை, அழுத்தி உலையில் சுட்ட இரண்டு தொகுதி வில்லைகள். சூடேற்றிக்கொண்டே அவை மின்சாரத்தை எப்படித் தாங்குகின்றன என்று அளக்கிறார். முதல் தொகுதிக்குக் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. இரண்டாவதற்கு ஊசிபோல் ஒரே ஏற்றம்.

"எது சரின்னே தெரியலைங்க ஐயா. பெரிய சார் ரெண்டையும் தூக்கிப் போடுன்னுதான் சொல்வார். ஒரு வருஷ வேலை."

நான் கல்வத்தைக் கழுவப் போனேன்.

8-11, செவ்வாய்
மழை இல்லை. செருப்பு வார் அறுந்தது.

இரண்டு கோடும் வேறு வேறாக வந்ததற்குக் காரணம் நான்தான். முதல் தொகுதியைச் சொன்னபடி சிவக்கச் சிவக்க இடுக்கியால் எடுத்தேன். இரண்டாவது வெந்தபோது வ. அம்மா வேலூரில், கல்யாணத்தில். இருபது வருஷம் செங்கல் சூளை போட்டவன் நான். வெந்ததைச் சூட்டோடு எடுக்க மனம் வரவில்லை. உலையின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நாலு நாள் ஆற விட்டேன். சொன்னால் உலை வேலை போகும். சொல்லாவிட்டால் அவருடைய வருஷம் போகும்.

சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "நாலு நாளா?" இரண்டு தடவை கேட்டார். பிறகு தாளில் பெட்டி பெட்டியாக வரைந்தார். படிகம் அப்படித்தானாம். ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் ஸ்காண்டியம் அல்லது டான்டலம். சட்டென்று குளிர்ந்தால் கண்ட இடத்தில் கண்டது. மெதுவாக ஆறினால் ஒன்று விட்டு ஒன்று, வரிசையாக. வரிசை இருந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே சூட்டில் மனம் மாறும், கோடு ஊசியாகும். கலைந்திருந்தால் இங்கே ஒரு சூட்டில், அங்கே வேறு சூட்டில், கோடு மந்தமாகும்.

"கார்த்திகைக்கு மலை மேல தீபம் தெரிஞ்சதும் அத்தனை கையும் ஒண்ணா மேல போகுது. மத்த நாள்ல அவனவன் வந்தப்ப கும்பிடறான். அப்படித்தானேம்மா?"

"அப்படியேதான்." சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு.

9-11, புதன்
பெரிய சார் மெட்ராஸிலிருந்து வந்தார். வ. அம்மாவுக்கு வழிகாட்டி. காபி கேட்டார், குடிக்கவில்லை.

"யோவ், பர்னஸ்ல கை வைக்க உனக்கு யார் சொன்னது? இது என்ன செங்கல் சூளையா?"

"சூளைன்னா சூட்டோட எடுக்கச் சொல்ல மாட்டாங்க சார்."

வ. அம்மா இருமினார்.

"ரெண்டு செட்டையும் குப்பைல போடு."

போடவில்லை. வில்லை டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் நிற்க நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"கோடு மந்தமா வந்த மொத செட்ட மறுபடி உலைக்குள்ள வைங்க. நான் ஆற விடறேன். ஊசி வரலைன்னா நானே போயிடறேன், நீங்க அனுப்ப வேணாம்."

"வை, பார்க்கலாம்" என்றார். கோபத்தில்தான்.

11-11, வெள்ளி
உலை அருகே. குமிழ் ஒரு கோடு கீழே. கூரை ஒழுகுகிறது, உலைமேல் இல்லை. வ. அம்மா இட்லி கொண்டுவந்தார். குமிழைப் பார்த்தபடியே தின்றேன்.

14-11, திங்கள்
வெயில். மலை பளிச்.

காலையில் அளந்தார்கள். அதே வில்லைகள். கோடு தரையோடு வந்து, சட்டென்று எழுந்து, விழுந்தது. ஊசி. வ. அம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்.

பெரிய சார் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம். பிறகு, "நான் சொல்லித்தான் ஆற விட்டதுன்னு எழுதிக்கோம்மா."

"நீங்க குப்பைல போடத்தானே சொன்னீங்க சார்" என்றேன்.

வ. அம்மா பேனாவைத் திறந்தார். ஆய்வு நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. "ஆற விட்டது நீங்கன்னு எழுதியிருக்கேன் ஐயா" என்றார்.

"எம் பேரை மட்டும் தமிழ்ல எழுதும்மா. நான் படிக்கணும்."

எழுதினார். கோவிந்தன். பெரிய சார் பார்க்க, சத்தமாகப் படித்தேன்.