நகத்தால் கீறிப் பார்

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் போடுவாய், அதனால் கேட்கவில்லை. நகம் கடிப்பதை விட்டாயா, அதை மட்டும் சொல்.

மூடிய சுரங்கத்தின் மண்மேட்டில் நாங்கள் நட்ட நாலாயிரம் கிளுவைகளும் இலை உதிர்த்துவிட்டன. கோடையில் கிளுவை அப்படித்தான் நிற்கும், விறகு மாதிரி. போன வாரம் உங்கள் தலைமை அலுவலகத்து ஆள் காரை விட்டு இறங்காமலே படம் எடுத்தான். "எல்லாம் பட்டுப்போச்சு போலிருக்கே?" என்றான். "நகத்தால கீறிப் பாருங்க சார், உள்ளே பச்சையா இருக்கும்" என்றேன். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அந்தக் குச்சிகளுக்கு அடியில் ஒரு கௌதாரி ஏழு முட்டை இட்டிருக்கிறது. இருபது வருடத்தில் அந்த மேட்டில் இதுதான் முதல் முட்டை. கணக்கெடுப்பு அறிக்கையை நீதான் எழுதப்போகிறாயாமே. பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

எங்கள் ஆள் எடுத்த படங்கள் வந்தன. காய்ந்த குச்சிதான் தெரிகிறது. மே மாதம் ஆய்வுக் குழு வருகிறது. "பச்சை தெரியணும்ப்பா, அவ்வளவுதான்" என்கிறார் மேலதிகாரி. குச்சிகளை அகற்றிவிட்டு, ஆள் உயர வெளிநாட்டு மரங்களை லாரியில் கொண்டுவந்து வைக்கலாம் என்று பேச்சு. கோபப்படாதே. என் நிலைமையையும் பார்.

அன்புள்ள
தம்பி

ஏப்ரல் 5

தம்பி,

உன் நிலைமை எனக்குத் தெரியாதா? அப்பா அந்தச் சுரங்கக் குழியில் புதைந்ததற்கு ஈடாக உனக்குக் கொடுத்த நாற்காலி அது. அவர்மேல் சரிந்த மண்ணும் இந்த மேட்டில்தான் கிடக்கிறது. இங்கே உயிர் இருக்கிறது என்று இதுவரை ஒருத்தர் எழுதித் தரவில்லை. நீ எழுது.

பச்சை பெயிண்ட் அடித்தாலே உன் மேலதிகாரிக்குப் போதும். கௌதாரிக்குப் போதாது. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை வா. ஒரே ஒரு குச்சியைக் கீறு.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. கடித்துக் கடித்து நகமும் இல்லை. வண்டிச் சாவியால் கீறினேன். பச்சை. அடுத்ததும் பச்சை. பதினோரு குச்சி கீறினேன்.

வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தேன், 'அனைத்தும் பட்டுவிட்டன' என்று. திங்கட்கிழமை காலையில் குச்சிகளைப் பிடுங்க இயந்திரம் இறங்கும்போது, அவை உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

திட்டு, அக்கா. ஆனால் பதில் போடு.

தம்பி

ஜூன் 30

மதிப்பிற்குரிய திட்ட அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதம் இயந்திரத்தால் பிடுங்கி, மேட்டின் வடக்கு ஓரத்தில் குவிக்கப்பட்ட கிளுவைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு குச்சிகள் முதல் மழைக்குத் துளிர்த்துள்ளன. அவற்றை வெளிநாட்டு மரங்களுக்கு இடையில் மீண்டும் நட்டு வருகிறோம். அனைத்தும் பட்டுவிட்டதாகத் தாங்கள் அளித்த சான்றைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கௌதாரி திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
நடவுப் பொறுப்பாளர்

இணைப்பு: குச்சி ஒன்று. கீற வேண்டியதில்லை, இலை விட்டிருக்கிறது.