உறுதியில் ஒரு பெயர் மட்டும்

என் அன்பு உம்மாவுக்கு, மண்ணுக்குள் இருக்கும் உங்களுக்கு, மண்ணை வாங்கி விற்கும் உங்கள் மகளின் ஸலாம்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். போன கிழமை நியாஸ் வந்திருந்தார். ஓம், அதே நியாஸ்தான். எனக்குப் பேசி முடித்து, நிக்காஹ்வுக்கு நாளும் வைத்த பிறகு விட்டுவிட்டுப் போனவர். என் கேற்றடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே வரச்சொல்ல எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்காது. வாப்பா இல்லாத வீட்டில், உங்கள் பங்கு வயலை விற்று, கைக்காப்பையும் விற்று எனக்கு வீடு கட்டினீர்கள். வீடில்லாத குமர்ப்பெண்ணை நம் ஊரில் யார் கேட்டு வருவார்கள்? வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார், அதுதானே வழக்கம். நாள் வைத்த பிறகு நியாஸின் உம்மா வந்து உட்கார்ந்தார்.

"பாதிய மகன்ட பேருக்கும் எழுதுங்க. நாளைக்கு உங்கட புள்ள அவனத் தொரத்தினா அவன் எங்க போற?"

"ஊடு என்ட புள்ளட. ஒரு பேர்தான் எழுதுவன்" என்று நீங்கள் சொன்னீர்கள்.

நியாஸ் பக்கத்தில் இருந்து, நீங்கள் வைத்த வட்டிலப்பத்தைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு சொல் கதைக்கவில்லை. அடுத்த நாள் ஆள் அனுப்பி, வேண்டாம் என்றார்கள். "என்ட வாயாலதான் உன்ட வாழ்க்க போச்சி மகள்" என்று சொல்லிச் சொல்லியே அடுத்த மாரிக்குள் நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் வாயில் என்ன பிழை உம்மா? பிழை வாயைத் திறக்காதவரிடம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது உங்களுக்குத் தெரியாது. அந்தப் புது வீட்டை வாடகைக்கு விட்டேன். கண்டிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கிக்காரக் குடும்பம். உங்கள் தங்கச்சி, சாச்சி, கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"குமருக்குக் கட்டின ஊட்டுல ஆரும் வாடகைக்கு ஆள் வெப்பாங்களா? இனி எவன் உன்னக் கேட்டு வருவான்?"

"வராட்டிப் போறான் சாச்சி" என்றேன்.

சாச்சி சொன்னதுதான் நடந்தது. ஒருவரும் வரவில்லை. வாடகை மட்டும் ஒவ்வொரு மாதமும் வந்தது. அதைச் சீட்டில் போட்டு, எடுத்து, ஊருக்கு மேற்கே மலிவாகக் கிடைத்த ஒரு துண்டை வாங்கினேன். கிறவல் மண் கொட்டி நிரப்பவும் தொடங்கினேன். அது வயல் காணி, நிரப்ப அனுமதி இல்லை என்று அதிகாரிகள் வந்து மறித்தார்கள். மாரி வந்ததும் என் கிறவலுக்கு மேலே கொக்கு நின்றது. ஊர் சிரித்தது. நானும் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் போய்ப் பார்க்காத எந்தக் காணிக்கும் நான் விலை கேட்டதில்லை.

புரோக்கர்மார் முதலில் என்னோடு கதைக்கவே மாட்டார்கள். "ஆம்புளையள் ஒருத்தரும் இல்லையா?" என்று என் தோளுக்குப் பின்னால் தேடுவார்கள். ஆனால் நம் ஊரில் வளவும் வீடும் யார் பெயரில் இருக்கின்றன? பெண்கள் பெயரில். புரோக்கர் விறாந்தையில் இருந்து புருசனோடு விலை பேசிக்கொண்டிருப்பார். நான் நேரே குசினிக்குள் போவேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "விக்கிற எண்ணமா ராத்தா? எவ்வளவுக்கு மனசு வரும்?" என்று கேட்பேன். புரோக்கர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இங்கே காரியம் முடிந்துவிடும். அப்படித்தான் ஒவ்வொன்றாக வளர்ந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுக்கவில்லை, வாங்கினேன்.

இப்போது நான் செய்வது, காணி வாங்கி, குமர்களுக்கு வீடு கட்டி விற்பது. கையில் முழுக்காசு இல்லாத வாப்பாமார் என்னைத்தான் தேடி வருவார்கள், நான் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வேன் என்பதால். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டின் உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் மட்டும். காசு கட்டி முடியும்வரை இன்னொரு பெயர் சேர்க்கவும் ஏலாது.

நியாஸும் அதற்குத்தான் வந்தார். மூத்த மகளுக்குப் பேசி முடித்திருக்கிறாராம். கடை படுத்துப் போனதாம், என்னை விட்டால் வழி இல்லையாம். மாப்பிள்ளை வீட்டார் பாதியை மகன் பெயருக்குக் கேட்கிறார்களாம். இதை அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே உம்மா. எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், சீனிபோல இனித்தது.

"பழச மனசுல வெச்சிருக்காதீங்க. ரெண்டு பேருக்கும் எழுதித் தாங்க" என்றார்.

"அண்டைக்கு உங்கட உம்மா கேட்டது சரியா, பிழையா?"

நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார், "பிழைதான்."

"எனக்கிட்டச் சொல்லி என்ன? என்ட உம்மாட கபுறடிக்குப் போங்க. ஸலாம் சொல்லிட்டு, இதே வார்த்தைய அங்க சொல்லுங்க."

போனார். மையவாடியைப் பராமரிக்கிறவர் உங்களை அடக்கிய இடத்தைக் காட்டினாராம். அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார். வேட்டி விளிம்பில் மண் ஒட்டியிருந்தது.

"சொல்லிட்டன். உறுதிய எழுதுவமா?"

"எழுதுவம். புள்ளட பேருக்கு மட்டும்."

"அப்ப என்னத்துக்கு என்ன அங்க அனுப்பின நீங்க?"

"பொம்புள எனக்கு அங்க போக ஏலாது. உம்மாக்கு ஸலாம் சொல்ல எனக்குக் கூடப்பொறந்த காக்கா தம்பியும் இல்ல. அதுக்குத்தான்."

கேற்றைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்த பிறகு திரும்பினார். "கபுறுக்குக் கால்மாட்டுல நட்ட மீசான் கட்ட சாஞ்சி கிடந்திச்சி. நிமித்தி வெச்சி, மண் அணைச்சிட்டுத்தான் வந்தன்" என்றார். கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சாய்ந்து கிடந்ததா உம்மா? எவ்வளவு காலமாக? ஊர் முழுக்க எல்லைக்கல் பார்த்துத் திரிகிற எனக்கு அது தெரியாது. உங்களுக்கு அந்த வேலையைச் செய்ய இவ்வளவு காலத்தில் வந்த ஒரே கை, அவருடைய கை. அவரைக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் இளகிவிடுவேன். உறுதி எழுதும் நாளில் எப்படியும் தெரியத்தானே போகிறது. அவள் ஒரு பாவமும் அறியாதவள், நானும் அன்று அப்படித்தான் இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் இந்த வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம். அவர்கள் ஓம் என்றாலும் சரி, எழும்பிப் போனாலும் சரி, உங்களுக்கு என் வாக்கு இது: அந்த வீட்டின் உறுதியில் இரண்டாவது பெயர் ஏறாது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். மகளுக்குக் கட்டிய வீட்டு வாசலில் ஆள் வராமல் காத்திருப்பது எப்படி என்று நியாஸும் இருந்து பார்க்கட்டும். அவர் நிமிர்த்திய கட்டைக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஒரு பேர்தான் எழுதுவேன் என்ற உம்மாவின் ஒரே மகள்,
நஸீஹா