உரிக்காத பிளாஸ்டிக்

டிசம்பர், செவ்வாய் இரவு

இன்னும் கடைக்குள்தான் இருக்கிறேன். இடஒதுக்கீடு கேட்டுக் காலையில் மறியல் தொடங்கியதும் ஷட்டரை இறக்கினேன். மகனுக்காகச் சொல்லிவைத்த கம்ப்யூட்டரை எடுத்துப்போகச் சங்கராபுரத்திலிருந்து வந்த விவசாயி ஏழுமலையும் என்னோடு மாட்டிக்கொண்டார்.

ஓட்டிக் காட்டினால் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி அணைந்தது. விசிறி சுற்றத்தான் செய்தது. கழற்றிப் பார்த்தேன். பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. புதுசு என்று தெரிவதற்காக எதையும் உரிக்காமல் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் இதையும் விட்டிருக்கிறேன். சூடு வெளியேற வழியில்லை. உரித்ததும் சரியானது.

எரிச்சலில் மானிட்டர் தாளையும் உரிக்கப் போனேன்.

"அத வுடுங்க பாய். எம் புள்ள வந்து உரிக்கட்டும்."

"பையன் எங்கண்ணா?"

"வெளிய ரோட்லதான் ஒக்காந்துகினு கீறான்."

சாயங்காலம் போலீஸ் வேன் சத்தம் கேட்டது. அதன்பிறகு கோஷம் இல்லை. யாரும் வெளியே வரக்கூடாது என்று மைக்கில் சொல்லிப்போனார்கள். பையன் போனை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் இப்போது சூடாகாமல் ஓடுகிறது. அணைக்கப் போனால் ஏழுமலை கையைப் பிடிக்கிறார்.

"இருக்கட்டும் பாய். வந்துருவான்."