பாய், காலி!

டிசம்பர் 3, புதன்

அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். மலைக்குப் போக அப்பா வாங்கி வந்த, நெற்றியில் கட்டும் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மலைக்கு முன்னால் இதற்குத்தான் பயன்படுகிறது.

பள்ளியில் பெயர் கொடுத்தாயிற்று. குளிர்காலத்தில் மூன்று மலைகள். முதலில் ஊருக்குள்ளேயே இருக்கும் வேதாள் தேக்டி, பிறகு சிங்ககட் கோட்டை, ஜனவரியில் திகோனா கோட்டை. சரியாகச் சொன்னால் நான் கொடுக்கவில்லை. ஸ்நேஹா தன் பெயரைச் சொல்லிவிட்டு, "சுப்ரஜாவும்" என்றாள். மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்த ஆறு மாதத்தில் என் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான். எப்படி மாட்டேன் என்பது?

அம்மாவுக்கு மனசில்லை. "ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்தப்ப மருதமலைக்கே நாம பஸ்ஸுலதானுங்க போவோம்!"

"அதுக்குத்தான் ராஜி இப்பப் போகட்டுங்கறேன். என்ற புள்ள ஆட்டுக்குட்டியாட்டம் ஏறிப்போடுவா" என்றார் அப்பா.

இந்த ஆட்டுக்குட்டிக்கு உயரம் என்றால் பயம். அது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. வந்த நாளிலிருந்து நான் பால்கனியில் கால் வைத்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இந்த வீட்டில் பால்கனிக்கு யாருமே போவதில்லை. புறாத் தொல்லை என்று அம்மா துணியைக்கூட ஹாலில் ஸ்டாண்டு போட்டுத்தான் காயவைக்கிறாள்.

புறாக்களுக்கு நன்றி.

டிசம்பர் 5, வெள்ளி

ஷூ வாங்கியாயிற்று. கடைக்காரர் அடிப்பாகத்தை வளைத்துக் காட்டி, இது வழுக்கவே வழுக்காது என்றார். ஷூ வழுக்காது. நான்?

டிசம்பர் 7, ஞாயிறு

வேதாள் தேக்டி முடிந்தது! தேக்டி என்றால் குன்று. பெயரில்தான் வேதாளம். மேலே குல்லாய் போட்டு நடக்க வந்த பெரியவர்களும் ஒரு மயிலும்தான் இருந்தார்கள்.

எங்களைக் கூட்டிப்போகிறவள் பெயர் தீபா. கல்லூரி முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம். எல்லோரும் அவளை "தாயீ, தாயீ" என்று கூப்பிட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை சின்ன வயசுக்காரி எப்படித் தாயி ஆவாள்? மராத்தியில் தாயீ என்றால் அக்காவாம். அம்மா என்னைக் கொஞ்சும்போது "தாயி" என்பாள். அதனால் எனக்கு அப்படிக் கூப்பிடுவது சுலபமாக இருந்தது.

ஏறும்போது பயமில்லை. கண்ணுக்கு முன்னால் அடுத்த கல்தான் தெரிகிறது. இறங்கும் பாதையும் அதிகச் சரிவில்லாமல் நீளமாகப் போனது. புல்லெல்லாம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. மூச்சு விட்டால் புகை. இந்த ஊரில் இதை ரோஜா நிறக் குளிர் என்பார்களாம், ஸ்நேஹா சொன்னாள். அவள் மூக்கும் அந்த நிறத்தில்தான் இருந்தது.

பரவாயில்லை, எனக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆகிவிட்டது.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. வழியில் கடக்வாஸ்லா அணை மேல் பனிப்புகை நின்றது. சிங்ககட் அடிவாரத்திலிருந்து ஒரு பழுப்பு நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் நின்றால் அதுவும் நிற்கும். மேலே ஓலைக் கொட்டகையில் ஒரு அம்மாள் சுடச்சுட பாக்ரி ரொட்டியும், கடலைமாவில் கிண்டின பிட்லாவும், சின்ன மண்சட்டியில் தயிரும் கொடுத்தார். அப்படி ஒரு தயிரை நான் சாப்பிட்டதே இல்லை. இரண்டு சட்டி.

இறங்கும்போதுதான். ஒரு திருப்பத்தில் பாதை சரிந்து, காலடியில் பொடிக்கல்லாகப் போனது. எதிரே ஒன்றுமே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க அப்படியே திறந்து கிடந்தது. கெண்டைக்கால் தானாக நடுங்க ஆரம்பித்தது, தையல் மிஷின் மாதிரி. உட்கார்ந்துவிட்டேன்.

தீபா தாயீ கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்தினாள்: "சுப்ரஜா, பாய்! பாய் காலி! பாய் காலி!"

பாய் என்கிறாள். பாய்ந்தால் காலி என்றும் அவளே சொல்கிறாள். நான் என்ன செய்வேன்? "நான் பாயமாட்டேன், நான் பாயமாட்டேன்" என்று தமிழில் அழுதேன். யாருக்கும் புரியவில்லை. வரிசை முழுக்க எனக்குப் பின்னால் நின்றுவிட்டது. என் வகுப்பு ராம்பிரசாத் மேலேயிருந்து, "மேடமுக்கு லிஃப்ட் கூப்பிடவா?" என்றான். சிரித்தார்கள்.

ஸ்நேஹா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சறுக்க ஆரம்பித்தாள், என் கையையும் பிடித்துக்கொண்டு. அந்தத் திருப்பம் முடியும் வரை இரண்டு பேரும் அப்படியேதான் வந்தோம். அவளுடைய புது பேன்ட் கிழிந்துவிட்டது. "பரவால்ல, காத்து வருது" என்றாள். அந்த நாய் கீழே நின்று எங்களுக்காகக் காத்திருந்தது. இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்நேஹாவுக்கும் நாய்க்கும்.

வீட்டில் அம்மா, "பின்னாடி என்ன கண்ணு இத்தன மண்ணு?" என்றாள்.

"கீழ உக்காந்து சாப்பிட்டோம்மா."

தெரிந்தால் அவ்வளவுதான். திகோனா இல்லை. மலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்நேஹா இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

கணக்கு டெஸ்ட். காலெல்லாம் வலி. நான் வகுப்புக்குள் போனதும் ராம்பிரசாத் காற்றில் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். டிங்.

டிசம்பர் 17, புதன்

அன்றைக்கு என்ன சொல்லி அழுதாய் என்று மதியம் ஸ்நேஹா கேட்டாள். நானும் அவளும் பேசுவது பாதி இந்தி, பாதி ஆங்கிலம். எனக்கு ஞாபகம் இருப்பது மட்டும் தமிழில்.

"தாயீ ஏன் என்னைக் குதிக்கச் சொன்னாங்க?" என்றேன்.

"குதிக்கவா? எப்போ?"

"பாய், பாய்னு கத்தினாங்களே!"

அவள் பெஞ்சுக்குக் கீழேயிருந்து தன் காலைத் தூக்கி மேலே வைத்துப் படார் படார் என்று தட்டினாள். "அரே, இதுதான் பாய்! இது!"

மராத்தியில் பாய் என்றால் கால். காலி என்றால் கீழே. காலைக் கீழே வை என்று சொல்லியிருக்கிறாள் பாவம். நானோ அவள் என்னைக் கொல்லப் பார்ப்பதாக நினைத்தேன்!

சிரித்ததில் ஸ்நேஹாவின் டப்பாவிலிருந்த அவல் உப்புமா பாதி மடியில் கொட்டிவிட்டது. "சரி, உங்க பாஷைல காலுக்கு என்ன?"

"கால்."

"கல்? நாளைக்கா?" இந்தியில் கல் என்றால் நாளைக்கு. "அப்ப கீழேக்கு?"

"கீழே."

"கேலே? வாழைப்பழமா?" அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "நாளைக்கு வாழைப்பழம்! மலை எறங்கறவங்ககிட்ட உங்க ஊர்ல இதையா சொல்வீங்க?"

சிரித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள், ரொம்ப பயமா என்று. ஆமாம் என்றேன். பால்கனியையும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த உப்புமாவை என் பக்கம் தள்ளிவைத்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, அவல் உப்புமா சாப்பிட்டேன். இன்றைக்கு நல்ல நாள்.

டிசம்பர் 22, திங்கள்

தீபா தாயீ பள்ளிக்கு வந்திருந்தாள். திகோனாவில் கடைசிப் படிகள் செங்குத்து, யாருக்கும் கட்டாயமில்லை, வர விரும்புகிறவர்கள் அவரவர் வாயால் சொல்லட்டும் என்றாள். ஸ்நேஹா என் காதில், "நீ வரலேன்னா நானும் வரல" என்றாள்.

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து அவள் திகோனாவைத் தவறவிட்டவள். வருஷம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தவள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் குரல் மாதிரியே இல்லை.

டிசம்பர் 31, புதன்

எங்கள் விமான் நகர் முழுக்க வாண வேடிக்கை. அப்பா பால்கனியில் நின்றுகொண்டு, "ராஜி, சுப்பு, ரெண்டு பேரும் வாங்க, இங்கிருந்து அத்தனையும் தெரியுது!" என்று கூப்பிட்டார்.

எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்றாள் அம்மா.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் இல்லை. அம்மா சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

நாளைக்கு. தூக்கம் வரவில்லை. பையில் தண்ணீர், சிவ்டா என்கிற அவல் மிக்ஸ்சர், குல்லாய், எல்லாம் இருக்கிறது. முருகா, உன் மலைக்கு எப்போதும் பஸ்ஸிலேயே வந்தேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. ஏத்திக்கூட விட வேண்டாம். எறக்கி விடு, போதும். ப்ளீஸ்.

ஜனவரி 10, சனி

எழுதவேண்டும். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

திகோனா உச்சிக்கு முன்னால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே படிகள். ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ள ஓரத்தில் இரும்பு வடம். ஏறிவிட்டேன். ஏறுவதுதான் எனக்கு வருமே. உச்சியில் எல்லோரும் ஓரத்தில் நின்று பவனா அணைத் தண்ணீரைப் போட்டோ எடுத்தார்கள். நான் ஒரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சிவ்டா தின்றேன்.

இறங்கும்போது தீபா தாயீ எனக்குக் கீழே, ஸ்நேஹா எனக்கு மேலே. முதல் படி சரி. இரண்டாவதும். மூன்றாவதில் என் இரண்டு ஷூக்களுக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் தெரிந்தது, ரொம்பத் தூரத்தில், நீலமாக. அவ்வளவுதான். தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. வடம் ஐஸ் மாதிரி இருந்தது, என் விரல் அதிலிருந்து பிரியவில்லை. அழுகை கூட வரவில்லை.

தீபா தாயீ திரும்பிப் பார்த்து, "பாய்..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "கால்... கீளே" என்றாள்.

தமிழ்! இந்த ஊரில், வீட்டுக்கு வெளியே, யாரும் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் ஒரு பாறையில்.

"பஸ்ஸுல நீ தூங்கறப்ப நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் மேலேயிருந்து ஸ்நேஹா. "பஸ் முழுக்கக் கேக்கற மாதிரி அஞ்சு தடவ சொல்லிக் குடுத்தேன், இன்னும் ழ வரல."

உனக்கு மட்டும் வருதாக்கும், என்று நினைத்தேன்.

அப்போது வரிசையின் பின்னாலிருந்து ராம்பிரசாத் கத்தினான்: "கல் கேலே!" இன்னொருத்தன் கத்தினான். பிறகு எல்லோரும். "கல் கேலே! கல் கேலே!" பாறைச் சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. நாளைக்கு வாழைப்பழம், நாளைக்கு வாழைப்பழம்! கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த ஒரு மாமா நின்று, தொப்பியைத் தூக்கிக்கொண்டு, "வாழைப்பழமா? எங்க குடுக்கறாங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கால் அடுத்த படிக்குப் போய்விட்டது. நான் வைக்கவில்லை. அதுவே போய் உட்கார்ந்துகொண்டது.

மிச்சப் படிகள் எல்லாவற்றுக்கும் அவர்கள் கத்தினார்கள். ஒரு படி, ஒரு வாழைப்பழம். பயம் போகவில்லை. கடைசிப் படி வரை என்னோடுதான் இறங்கியது. ஆனால் இறங்கியது.

கீழே வந்ததும் தீபா தாயீ, "சரியா சொன்னேனா?" என்றாள். ரொம்பச் சரி என்றேன். ழ பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முருகா, நன்றி. தாயீ, நன்றி. அந்த மாமாவின் பெயர் தெரியாது, அவருக்கும். ஸ்நேஹாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தியிலும் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

என் மேசையில் ஒரு வாழைப்பழம். ராம்பிரசாத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று அப்பாவையும் அம்மாவையும் சிங்ககட்டுக்கு நான் கூட்டிப்போனேன். உச்சி வரை கார் போகும் ரோடு இருக்கிறதாமே என்று அம்மா ரெண்டு தடவை சொன்னாள். நடந்துதான் போகணும் என்றேன். சரி என்றுவிட்டாள், நான் கேட்டதால்.

மேலே பிட்லாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்னுங்க, நம்மூட்டு கடலமாவுக் கொழம்பு கெட்டியாயிருச்சு" என்றாள். ஆனால் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது அந்தத் திருப்பம் வந்தது. பொடிக்கல். எதிரே திறந்த பள்ளத்தாக்கு. பயந்துகொண்டேதான் நான் முன்னால் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"கையப் புடி ராஜி" என்றார் அப்பா.

"ஒன்னுமில்லீங்க. கொஞ்சம் மூச்சு வாங்குது. நீங்க போங்க."

புடவையை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். அடுப்பில் இல்லாத பால் ஞாபகம் வந்தது. அட, இவளுமா!

கீழேயிருந்து இரண்டு கையையும் நீட்டினேன். என் வாயில் தானாக வந்தது: "அம்மா! பாய் காலி! பாய் காலி!"

"என்னது? பாயோணுமா?" அம்மா அலறினாள். "ஐயோ சாமி, நான் காலியாயிருவேன்டி!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பரில் இதே இடத்தில் அழுதது, பேன்ட் மண், திகோனா படி, பால்கனி. திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளத்தாக்கைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"பொறாத் தொல்லைனு நாஞ் சொன்னதெல்லாம் சும்மா கண்ணு" என்றாள்.

"தெரியும்மா."

அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நானும் அம்மாவும் உட்கார்ந்தபடியே சறுக்கினோம். அந்தப் பழுப்பு நாய் கீழே நின்றது. அதே நாய்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

பள்ளி விட்டு வந்து, ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரே வெங்காயம் உரிக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். மலை என்றேன். சரி என்றாள்.

துணியெல்லாம் வழக்கம்போல ஸ்டாண்டில்தான் காய்கிறது. ஒரே ஒரு துண்டை மட்டும் பால்கனியில் போட்டிருக்கிறாள், கதவை ஒட்டினாற்போல, கை எட்டும் தூரத்தில்.