ஓஸ்த்ரியில் இருபத்திரண்டு பேர்

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏறாத மலைக்கு முத்திரை விழுந்தால் பொய் சொன்னது யார்? குத்தியவரா, கைதட்டியவர்களா, அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த ஒன்பது வயதுப் பெண்ணா? காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

நேற்று மலையேற்றச் சங்கத்தின் குழந்தைகள் நடை. ஓஸ்த்ரி உச்சி. இருபத்திரண்டு குழந்தைகள், நான்கு வழிகாட்டிகள். பெற்றோர் கூடப் போகக் கூடாது என்பது சங்க விதி. மாலை ஐந்துக்குச் சந்தைத் திடலில் பேருந்து வந்தது. மற்றவர்கள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். என் மகள் பிரீனா கடைசியாக இறங்கினாள்.

"எப்படி இருந்தது?"

"மழை இல்ல."

அவ்வளவுதான் பதில். வீட்டில் சூப்பை ஆறவிட்டுவிட்டுத் தன் மலைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். புது முத்திரை, நீல மை, நேற்றைய தேதி. "அடேயப்பா, ஓஸ்த்ரி!" என்று நான்தான் முதலில் சொன்னேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

"நான் ஏறல."

"அப்புறம் எப்படி—"

"எங்க அஞ்சு பேரைப் பாதி வழி விடுதியிலயே உக்கார வெச்சுட்டாங்க. விட்டோ மாமா எங்க புத்தகத்தையெல்லாம் மேல எடுத்துட்டுப் போய்க் குத்திட்டு வந்துட்டார். பஸ்ல குடுத்தார். எல்லாரும் கைதட்டினாங்க."

"நீ என்ன பண்ணின?"

"நானும் தட்டினேன்."

இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

முத்திரை உச்சியில், இரும்புப் பெட்டிக்குள், சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. மேலே போனவர் கை மட்டும் அதைத் தொட வேண்டும் என்றுதானே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்? இருபது முத்திரை சேர்ந்தால் நவம்பரில் பதக்கம். இது பத்தொன்பதாவது. முதல் பதினெட்டையும் அவள் நடந்து வாங்கினாள். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறந்தவள், மூன்று அறுவை சிகிச்சை. ஒவ்வொரு முத்திரைக்கும் எத்தனை தடவை உட்கார்ந்தாள், எந்தக் கல்லில் உட்கார்ந்தாள் என்றுகூடச் சொல்வாள்.

செப்டம்பர் 29, திங்கள்

வழிகாட்டி விட்டோமிருக்குப் போன் செய்தேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடமாகக் குழந்தைகளை மலைக்கு அழைத்துப்போகிறவர். போனிலும் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"ஒரு சீல்! அதுக்குப் பாராளுமன்றத்தைக் கூட்டணுமா மார்யெத்தா?"

"அவ ஏறலை."

"ஏறணும்னு ஆசை இருந்துச்சில்ல? அதுவே பாதி மலை."

"அப்ப பாதி சீல் குத்தியிருக்கலாமே."

சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டார்.

"குழந்தைங்க முகம் வாடக் கூடாதுன்னுதான் செஞ்சேன். மத்த நாலு வீட்டுலேருந்து ஒருத்தரும் போன் பண்ணல, தெரியுமா? ஒருத்தங்க கேக் குடுத்தனுப்பியிருக்காங்க."

கேக்.

அக்டோபர் 1, புதன்

ஆய்வகத்தில் இன்று மூன்று கிணறுகளின் தண்ணீர் வந்தது. மூன்றாவது புட்டி வழியில் உடைந்துவிட்டது. 'மாதிரி கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்து மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்தக் கிணற்றுக்காரர் மனம் வாடக் கூடாது என்று ஒரு நல்ல முடிவை எழுதி அனுப்பினால் என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள். அனுப்பவும் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஏன் எல்லாருக்கும் இவ்வளவு தாராளம்?

அக்டோபர் 3, வெள்ளி

நகரச் செய்திமடல் வந்தது. நாலாம் பக்கத்தில் படம். 'ஓஸ்த்ரி உச்சியில் நம் சங்கத்தின் இருபத்திரண்டு குழந்தைகளும்! பொன்னிற மரங்களுக்கு நடுவே மறக்க முடியாத இலையுதிர்கால நடை.' படத்தில் தலைகளை எண்ணினேன். பதினேழு. இரண்டாம் தடவையும் பதினேழு.

பிரீனா எனக்கு முன்பே எண்ணிவிட்டாள். பள்ளியிலும் எண்ணியிருக்கிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் அய்டா எல்லார் முன்னாலும் சொன்னாளாம்: "நாங்க மேல காத்துல நடுங்கினோம். நீ கீழ ஆப்பிள் ஸ்ட்ரூடல் தின்னுட்டிருந்த. உனக்கும் சீலா? அப்ப எங்க நாய்க்கும் ஒண்ணு குத்தச் சொல்லு."

அய்டாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னது சரி.

நான் ஆய்வகத்திலிருந்து வருவதற்குள் பிரீனா கத்தரிக்கோலை எடுத்து, மலைப் புத்தகத்தில் ஓஸ்த்ரி முத்திரை இருந்த பக்கத்தை வெட்டியிருந்தாள். பின்பக்கத்தில் மே மாதம் ஏறிய மலையின் முத்திரை. அது நிஜமாக ஏறியது. ஏழு தடவை உட்கார்ந்து ஏறியது. அதுவும் சேர்ந்து போயிற்று. தரையில் உட்கார்ந்து இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நான் எந்த மலைக்கும் வரல."

அக்டோபர் 4, சனி

கணவன் யெர்னெயுடன் சண்டை. "நீ இதை ஊதிப் பெரிசாக்கற. ரெண்டு வாரத்துல மறந்துடுவா" என்கிறான். மறக்க மாட்டாள். என் பெண்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெளியே நல்ல வெயில். ஊரே பைகளோடு செஸ்ட்நட் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். "கால் வலிக்குது" என்று பிரீனா ஜன்னலிலிருந்து சொன்னாள். ஒன்பது வருடத்தில் காலைச் சாக்காக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்கும்போதும் சொல்லமாட்டாள்.

இதைத்தான் அந்த முத்திரை செய்திருக்கிறது. இதற்குத்தான் கேக்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று சங்கத்துக்குப் போனேன். தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடி அறை, சுவரெல்லாம் கோப்பைகள். தலைவி ஸ்தென்காவும் விட்டோமிரும் இருந்தார்கள். வழியெல்லாம் மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். செய்திமடலில் திருத்தம் வேண்டும், நவம்பர்ப் பதக்கத்துக்கு அந்த முத்திரையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றையும் சொல்லிவிட்டேன்.

ஸ்தென்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "திருத்தமா? 'மன்னிக்கவும், அஞ்சு குழந்தைங்க ஏறல'ன்னு போடவா? பேரோட போடவா, பேரில்லாமலா?"

"பதினேழுன்னு போட்டாப் போதும்."

"மார்யெத்தா, உங்க பொண்ணு காலுக்கு இதைவிட நாங்க என்னதான் செய்ய முடியும், சொல்லுங்க?"

"காலுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அது வேலை செய்யுது. அவளை ஏற விட்டிருக்கணும். முடியலைன்னா முடியலைன்னு விட்டிருக்கணும்."

அப்போது ஸ்தென்கா அலமாரிக்கு எழுந்து போனாள். விட்டோமிர் முதல் தடவையாக மெதுவான குரலில் பேசினார். "விடு ஸ்தென்கா. அது எதுக்கு இப்ப?" அவள் விடவில்லை. ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி என் முன்னால் வைத்தாள்.

மார்ச் மாதச் சேர்க்கைப் படிவம். 'வழிகாட்டிகள் அறிய வேண்டியவை' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. என் பேனா.

'பிரீனா மெதுவாக நடப்பாள். பாதை செங்குத்தாகும் இடங்களில் அவளை விடுதியிலேயே விட்டுவிடவும். மற்ற குழந்தைகளிடமிருந்து தான் வேறு என்று அவள் உணராதபடி பார்த்துக்கொள்ளவும்.'

இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

"நீங்க சொன்ன ரெண்டையும் செஞ்சேன்" என்றார் விட்டோமிர். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே விளக்கம் சொன்னார். "விடணும்னு எழுதியிருந்தீங்க, விட்டேன். ஒருத்தியை மட்டும் விட்டா அவளுக்குத் தெரிஞ்சிடுமேன்னு, மூச்சு வாங்கின இன்னும் நாலு பேரையும் சேர்த்து விட்டேன். சீலும் அதுக்குத்தான்."



அக்டோபர் 8, புதன்

அதனால் முத்திரை உண்மையாகிவிடுமா? ஆகாது. பதினேழு இருபத்திரண்டு ஆகுமா? ஆகாது. அவர்கள் செய்தது தப்பு. இன்னமும் தப்பு.

ஆனா அவளை உக்கார வெச்சது நான். அந்த நாலு குழந்தைங்களும் என்னாலதான் உக்காந்தாங்க. 'வேறு என்று உணராதபடி'— என்ன ஒரு வாக்கியம்! அதை எழுதினப்ப என்னை நானே மெச்சிக்கிட்டிருப்பேன். யாரைக் கேட்டு எழுதினேன்? டாக்டர் என்ன சொன்னார்? "முடிஞ்ச வரைக்கும் நடக்கட்டும், அவளுக்கே தெரியும்"னார். அவளுக்கே தெரியும்னார். நான் மறுவாரமே போய் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம். விட்டோமிர் சொல்லமாட்டார். ஸ்தென்காகூடச் சொல்லமாட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

சொன்னேன். பள்ளி விட்டு வரும் வழியில், ஆற்றுப் பாலத்தில்.

நின்றுவிட்டாள். "விட்டோ மாமா இல்லையா? நீயா?"

"நான்தான்."

"என்னைக் கேட்டியா?"

"கேக்கல."

"அம்மா, நான் விடுதி ஜன்னல்லேருந்து அவங்க போறதையே பாத்துட்டிருந்தேன். எனக்கு வலிக்கவே இல்ல அன்னிக்கு. *வலிக்கவே இல்ல.* நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன், அதான் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள். பையைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்கிறாள், உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

அவளே விட்டோமிருக்குப் போன் செய்திருக்கிறாள். போன் எண்ணைக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டிய சீட்டிலிருந்து எடுத்திருக்கிறாள். யெர்னெய் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னான். முகத்தில் ஒரு மாதிரி பெருமை.

"விட்டோ மாமா, நான் கோவமா இருக்கேன். உங்க மேல கொஞ்சம், அம்மா மேல நெறைய. என்னை மறுபடி ஓஸ்த்ரிக்குக் கூட்டிட்டுப் போகணும்"னாளாம்.

சனிக்கிழமை போகலாம் என்றாராம். வெட்டிய பக்கத்தைப் பற்றியும் அவள் சொல்ல, கேட்டுக்கொண்டாராம். பிறகு ஐந்து வீட்டுக்கும் அவரே போன் செய்தார். மற்ற நால்வரில் மூன்று வீட்டில் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். நாலாவது குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு அப்பா கேட்டாராம்: "சீல்தான் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் எதுக்கு மறுபடி மூச்சு வாங்கணும்?"

படித்தவர். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார்.

திருத்தம் கேட்டு நான் எழுதியதற்குச் செய்திமடலிலிருந்தும் பதில்: அடுத்த இதழில் திருத்தத்துக்கு இடமில்லையாம். பூசணித் திருவிழா விளம்பரம் முழுப் பக்கம் வருகிறதாம்.

அக்டோபர் 17, வெள்ளி

மாலையில் சங்க அறைக்குப் போய்ப் படிவத்தைக் கேட்டேன். ஸ்தென்கா எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கட்டத்தைக் குறுக்காக அடித்து, தேதி போட்டு, 'பிரீனாவைக் கேட்கவும்' என்று எழுதினேன். ஸ்தென்கா படித்துவிட்டு, "இது போதுமா?" என்றாள். அவளுக்காக ஒன்று சேர்த்துச் சொன்னேன்: "பதினேழு. நான் விடப்போறதில்ல." "தெரியும்" என்றாள்.

பிரீனா பேச ஆரம்பித்திருக்கிறாள். நிபந்தனைகள் சொல்லத்தான். "நீ காரை ஓட்டலாம். விடுதி வரைக்கும் நடக்கலாம். அதுக்கு மேல வரக் கூடாது. ஜன்னல்கிட்ட உக்காந்துக்கலாம். கை ஆட்டக் கூடாது."

ஏறுவாளா? விடுதிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், நடுவில் இரும்புக் கயிறு பிடித்து ஏறும் இடம் ஒன்று. காற்று இருக்கும் என்கிறார்கள்.

அக்டோபர் 18, சனி

மாலை நான்கு மணி. வீட்டுக்கு வந்தாயிற்று.

நடந்தது இது. பத்தேகாலுக்கு விடுதியிலிருந்து விட்டோமிரும் அவளும் கிளம்பினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கை ஆட்டவில்லை. பத்து இருபத்தைந்துக்கு லார்ச் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். அதற்குப் பிறகு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மூன்று தேநீர் குடித்தேன். விடுதிக்காரி மேசையைத் துடைத்துக்கொண்டே, "கால் முடியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். "இல்ல, எனக்கு அனுமதி இல்ல" என்றேன்.

ஒன்றே முக்காலுக்கு வந்தார்கள். உச்சிக்குப் போகவில்லை. இரும்புக் கயிற்றைத் தாண்டி, மேலே உள்ள கணவாய் வரை போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, "இன்னிக்கு இவ்வளவுதான்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். "இன்னும் நாப்பது நிமிஷம்தான்னு சொல்லிப் பாத்தேன்" என்றார் விட்டோமிர். "உங்களுக்கு நாப்பது, எனக்கு ஒன்றரை மணி, அப்புறம் எறங்கவும் வேணும்னு சொன்னா."

கன்னமெல்லாம் சிவந்திருந்தது. பூட்ஸைக் கழற்றிக் காலைப் பெஞ்சில் நீட்டிக்கொண்டாள். வலிக்கிறது என்றாள். இரண்டு தட்டு சூப் குடித்தாள். ஜூனில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்குமா என்று விட்டோமிரிடம் கேட்டாள். ஐந்தரை என்றார்.

கிளம்பும்போது வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பெயர், ஊர், எங்கே வரை. 'பிரீனா — கணவாய் வரை' என்று எழுதினாள். கீழே 'விட்டோ மாமா — கணவாய் வரை'. பேனாவை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. எனக்கும் அவளே எழுதினாள்.

'அம்மா — விடுதி வரை.'