தூக்கிய கையை இறக்குகிறவர்கள்

இன்று காலை சாம்பிள் அறையில் ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி தேநீர் உறிஞ்சியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. தூள் தீய்ந்துபோயிருந்தது, எந்தத் தொழிற்சாலையிலோ இலை உலர்த்தும் டிரையரை யாரும் கவனிக்கவில்லை. இந்தக் கருகல் வாசனை எழுந்தாலே, "நெசமாவே தீஞ்சதா, இல்ல தீஞ்சுதுன்னு எவனாச்சும் சொல்லப்போறானா?" என்று கேட்பாய். இன்றைக்குக் கேட்க ஆளில்லை. உன் நாற்காலியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் கண்ணீரோடு எழுதுவார்கள் என்று கேள்வி. எனக்கு உன்னை நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

குன்னூரில் இந்தத் தேயிலை ஏல புரோக்கர் ஆபீசில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஏலம் இன்னும் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. வாங்குகிறவர்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, வாய்விட்டு விலை கேட்பார்கள். தொழிற்சாலைகள் அனுப்பும் தூளைச் சுவைத்து மதிப்புப் போடுவதும், வாங்குகிறவர்களுக்குச் சாம்பிள் அனுப்புவதும் நம் வேலை. நான் தேயிலையைக் கவனித்தேன். உனக்கு மனிதர்கள்மீதுதான் கண். பெரிய கம்பெனி ஒன்றுக்கு வாங்கும் மனிதர் ஒருமுறை இரண்டாவது சாம்பிள் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி முகத்தைச் சுளித்தார். "தீஞ்சு கெடக்குது" என்றார். நீ என் விலாவில் இடித்தாய்.

"நாளைக்கு இவருதான்டா வாங்குவாரு. வேண்டாதவன் எதுக்கு ரெண்டாந்தரம் குடிச்சுப் பாக்கறான்?"

மறுநாள் அவர்தான் வாங்கினார், அதுவும் அடிமாட்டு விலைக்கு. இன்னொரு பெரிய கம்பெனிக்காரர் பக்கத்திலிருந்து "எனக்குப் பாதி" என்றார், இவர் தலையசைத்தார். சரக்கை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள மண்டபத்தில் வழி இருந்தது. பங்கு போட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் விலை இல்லை. கீழ் கோத்தகிரியில் தொழிற்சாலைக்குப் பச்சை இலை பறித்துப் போட்டவனுக்கு அந்த வாரம் நாமம்தான். நீ பல்லைக் கடித்தாய். உன் மனைவிக்கும் அங்கே ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது, அவள் அப்பா கொடுத்தது. அன்றைக்கு நம் இருவருக்கும் ஒரே கோபம்.

ஆனாலும் அந்த மண்டபத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. தூக்கிய கை தூக்கியதுதான். கேட்ட விலையை எவனும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டான். எடுத்துக்கொண்டால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு வந்து உட்காருவான்? எத்தனை தந்திரம் செய்தாலும் அந்த ஒன்றைப் பெரியவன், சின்னவன் இருவரும் காப்பாற்றினார்கள். உன்னைக் கெடுத்தது அந்த ஒழுங்குதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவன் வந்து ஓட்டல் மாடியில் வகுப்பு நடத்தினான். பங்குச் சந்தையில் பெரிய கைகள் எங்கே வாங்குகின்றன, எங்கே விற்கின்றன என்று படிக்கச் சொல்லித் தருவதாக விளம்பரம். படிக்கத் தெரிந்தவன் தானே வாங்கி விற்றுப் பிழைக்காமல் மலையேறி வந்து ஏன் ஃபீஸ் வசூலிக்கிறான் என்று நான் கேட்டேன். உனக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நீ எல்லாத்துக்கும் நொட்டை சொல்லு. இது நம்ம ஏலந்தான்டா. மண்டபம் மட்டுந்தான் பெருசு" என்றாய்.

மத்தியானம் நாம் போகும் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே உன் போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாயே, அதை நான் மறக்கவில்லை. திரையில் ஏதோ ஒரு கம்பெனிப் பங்கு; ஒரு பக்கம் அதை வாங்கக் காத்திருப்பவர்கள், மறுபக்கம் விற்கக் காத்திருப்பவர்கள். வாங்கும் பக்கத்தில் மற்ற எண்களுக்கு நடுவே ஒரு விலைக்கு எதிரே இருந்த எண் மட்டும் மலையாக நின்றது. "பாத்தியா? எவனோ பெரிய ஆளு கையத் தூக்கிட்டு நிக்கறான். இதுக்குக் கீழ விலையை விடமாட்டான்" என்று நீயும் வாங்கினாய். விலை மெல்ல இறங்கி அந்த எண் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. எண்ணைக் காணோம். அவன் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வெறுமனே காணாமல் போய்விட்டான். விலை அந்த இடத்தைத் தாண்டிச் சரிந்தது.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நெட்வொர்க்கு போயிருச்சாட்ட இருக்குது" என்றாய்.

அடப்பாவி. நெட்வொர்க்! மஞ்சு இறங்கி மலையை மூடினால் நம் ஊரில் சிக்னல் போகும்தான். அதற்காக? உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் அப்படி நினைத்திருக்க மாட்டான். தூக்கிய கையை ஒருவன் இறக்குவான் என்பது உன் புத்திக்கு எட்டவே இல்லை. சிம் கார்டை மாற்றினாய். ஜன்னலோரம் மேசையைப் போட்டாய். பிறகு, இணைப்பு நன்றாக இருக்கிறதென்று அருவங்காட்டில் வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் உன் மச்சான் வீட்டுக்கே போய் உட்கார்ந்தாய். அங்கே சிக்னல் ஒருமுறைகூடப் போகவில்லை. அந்தப் பெரிய எண்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

அங்கிருந்து நீ கூப்பிட்டபோது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "வேணும்னே காட்டறானுகடா. நம்மளை வாங்க வெச்சுப்போட்டு எடுத்தர்றானுக. கையத் தூக்கறதே ஏமாத்தறதுக்குத்தான்."

"தெரிஞ்சுபோச்சல்ல? வந்துரு" என்றேன்.

"இப்பத்தான்டா படிக்கவே ஆரம்பிச்சிருக்கேன். எந்தக் கை பொய்க்கைன்னு புடிபடட்டும்" என்றாய்.

நான் தடுத்திருக்கலாமோ என்று என்னை நானே நொந்துகொள்வேன் என்று எதிர்பார்க்காதே. தடுத்தேன். வீடு தேடி வந்து கத்தினேன். உன் மனைவி நடுவில் நின்று, "சண்டை போட்டுக்காதீங்கண்ணா, அவருக்குத் தெரியாமயா செய்வாரு" என்றாள். அவளும் உன்னைத்தான் நம்பினாள். அதற்கப்புறம் அவள் தோட்டத்தை விற்கக் கையெழுத்துப் போட்டதும் அந்த நம்பிக்கையில்தான். நீ அடையாளம் கண்டதாகச் சொன்ன ஒவ்வொரு பொய்க்கைக்கும் அவர்கள் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். அவர்களிடம் மெஷின் இருக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் போட்டு எடுத்துவிடும். உன்னிடம் இருந்தது ஒரு போனும் பிடிவாதமும்.

தோட்டமும் போய், நெஞ்சுவலி வந்து, ஊட்டி ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினாய். உன் சாவுக்கு வந்தவர்களில் அன்று சாம்பிளைக் குடித்து முகம் சுளித்த அந்தப் பெரிய கம்பெனி மனிதரும் ஒருவர். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, "சூதாட்டம் ஒரு மனுசனை எப்படி அழிக்குது பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. நல்ல தூளைத் தீய்ந்தது என்று சொல்லி, பக்கத்து ஆளோடு பங்கு போட்டு, ஆயிரம் குடும்பத்து இலைக்காசை அமுக்கியது வியாபாரமாம். நீ செய்தது சூதாட்டமாம். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆனால் அந்தச் சொல் நிற்கவில்லை. கடைவீதியில் சுற்றி, பஸ்ஸில் ஏறி, உன் மகளின் காதுவரை போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். உன் மனைவி தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தாள். அதே தோட்டம்தான். இப்போது கூலிக்குப் பறிக்கிறாள். மேட்டில் நின்று உன் மகள் என்னிடம் கேட்டாள். "மாமா, அப்பா சூதாடுனாருங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன். மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். தூக்கிய கையைப் பற்றிச் சொன்னேன். நெட்வொர்க் போய்விட்டதென்று நீ சிம் மாற்றிய கதையைச் சொன்னபோது சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அருவங்காட்டிலிருந்து நீ கூப்பிட்டுச் சொன்னதையும் மறைக்கவில்லை. "உங்கப்பனுக்குப் பேராசை இல்ல. ஊருல இருக்கற ஒழுங்கு அங்கயும் இருக்கும்னு நம்பிப்போட்டாரு" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உனக்காக நான் நன்றாகவே வாதாடினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இலை பறிக்கும் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சரிங்க மாமா. ஏமாத்தறாங்கன்னு அருவங்காட்டுலயே தெரிஞ்சுபோச்சுன்னீங்களே. அதுக்கப்பறம் எதுக்கு மாமா அம்மாகிட்ட கையெழுத்து வாங்குனாரு?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அது என்னுடையது இல்லைடா. நீ இருந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது.